விலைப் பிழையின் சட்ட வரலாறு: ஜித்தா கப்பலிலிருந்து 190 ரூபாய் மடிக்கணினி வரை

2014 டிசம்பரில் ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர் அமேசான் தளத்தில் 190 ரூபாய் என விலை குறிக்கப்பட்டிருந்த மடிக்கணினி ஒன்றை ஆர்டர் செய்தார். வழக்கமான விலை 23,499 ரூபாய், தள்ளுபடி 23,309 ரூபாய் என்பது விளம்பரம் காட்டிய கணக்கு. ஆர்டர் உறுதிசெய்யப்பட்டது என்ற செய்தியும் அவருக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. விலை தொடர்பான சிக்கலால் ஆர்டர் ரத்தாகிறது என்றனர். மாணவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாவட்ட மன்றம் மன உளைச்சலுக்கு 10,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 2,000 ரூபாயும் வழங்கியது. அது போதாது என்று அவர் மேல்முறையீடு செய்தார். 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடாக 30,000, தண்டத் தொகையாக 10,000, செலவுத் தொகையாக 5,000 என மொத்தம் 45,000 ரூபாய் தருமாறு ஆணையிட்டது.

இத்தகைய செய்திகள் வரும்போது இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். இருபத்துமூவாயிரம் ரூபாய்ப் பொருளை 190 ரூபாய்க்கு எதிர்பார்ப்பது பேராசை என்பது ஒன்று. உறுதி சொல்லிவிட்டுப் பின்வாங்குவது ஏமாற்று வேலை என்பது மற்றொன்று. இரண்டுமே ஒழுக்கத்தைப் பற்றியவை. ஒப்பந்தச் சட்டம் கேட்கும் கேள்வி இவற்றினும் வறண்டது: பேரம் எந்த நொடியில் முடிந்தது? அந்த நொடிக்கு முன்னர் என்றால் இருவரும் விலகிக்கொள்ளலாம். பின்னர் என்றால், பிழை செய்தவரே பிழையின் சுமையைத் தாங்க வேண்டும். இந்தியாவில் அந்த நொடியைக் குறிப்பவர் யார் என்பதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. முதலில் சட்டம் இயற்றியோர் குறித்தனர். பிறகு நீதிபதிகள் குறித்தனர். இன்று பெரும்பாலும் வணிகரே, எவரும் படிக்காத விதிமுறைப் பக்கத்தில், குறித்துக்கொள்கிறார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் தொடக்க வரைவை எழுதியது இங்கிலாந்தில் அமர்ந்து பணியாற்றிய சட்ட ஆணையம். இந்தியாவில் அது பல திருத்தங்களைக் கண்டு, ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் ஆட்சி மன்றத்தின் சட்ட உறுப்பினராக இருந்தபோது நிறைவேறியது. அச்சட்டம் அறிந்திருந்தது கடிதமும் தந்தியும் ஓடிய உலகம். இன்ன விலைக்கு வீட்டை விற்கிறேன் என்று ஒருவர் மடல் எழுதுகிறார். மற்றவர் அஞ்சலில் ஏற்பை அனுப்புகிறார். பிறகு மனம் மாறித் தந்தி அடிக்கிறார். நான்காம், ஐந்தாம் பிரிவுகளின் எடுத்துக்காட்டுகள் இப்படித்தான் செல்கின்றன.

இங்கிலாந்தின் வழக்குச் சட்டத்தில் ஏற்புக் கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டதுமே இருவரும் கட்டுப்பட்டுவிடுவர். இந்தியச் சட்டம் அந்த ஒற்றை நொடியை இரண்டாகப் பிளந்தது. ஏற்புக் கடிதம் எழுதியவரின் கையைவிட்டு நீங்கியதும் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்றவரோ, அக்கடிதம் முன்மொழிந்தவரின் அறிவுக்கு எட்டும்போதுதான் கட்டுப்படுகிறார். இடைப்பட்ட நாள்களில் தந்தி ஒன்றை முந்தவிட்டு ஏற்பைத் திரும்பப் பெறலாம். கடிதம் கப்பலிலும் ரயிலிலும் பயணம் செய்த காலத்தில் இந்த இடைவெளி மெய்யான ஒரு பாதுகாப்பு. மின்னஞ்சல் காலத்தில் அது நொடிகளாகச் சுருங்கிவிட்டது. வாடிக்கையாளரின் ஆர்டரை முன்மொழிவு என்றும், கடையின் உறுதிச்செய்தியை ஏற்பு என்றும் கொண்டால், செய்தியை வாடிக்கையாளர் திறந்து படித்த அளவில் கடையின் வாயில் அடைபட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து வரும் தொலைபேசி அழைப்பு நான்காம் பிரிவின் கணக்கில் மிகவும் தாமதமானது.

விலையில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்ப முடியுமா? அடிப்படையான ஒரு செய்தியில் இரு தரப்பும் பிழைபட்டிருந்தால் உடன்பாடு செல்லாது என்கிறது 20ஆம் பிரிவு. ஒருவர் மட்டும் பிழைபட்டிருந்தால், அதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ள இயலாது என்கிறது 22ஆம் பிரிவு. இந்த இரண்டாம் விதி எவ்வளவு கடுமையானது என்பதை 1892ஆம் ஆண்டுப் பம்பாய் வழக்கு ஒன்று காட்டும். ஹஜ் முடித்துத் திரும்பும் பயணிகளை ஏற்றிவர வணிகர் ஒருவர் பம்பாய் - பாரசீக நீராவிக் கப்பல் நிறுவனத்திடம் கப்பல் ஒன்றை அமர்த்தினார். ஜித்தாவிலிருந்து கப்பல் புறப்படும் நாள் 1892 ஆகஸ்ட் 10 என்றும், அது ஹஜ்ஜுக்குப் பதினைந்தாம் நாள் என்றும் ஆவணத்தில் எழுதப்பட்டது. பிறைக் கணக்கை ஆங்கில நாட்காட்டிக்கு மாற்றியதில் பிசகு நேர்ந்திருந்தது. ஹஜ்ஜுக்குப் பதினைந்தாம் நாள் உண்மையில் ஜூலை 19. மூன்று வாரம் தள்ளி வரும் கப்பலுக்காக எந்தப் பயணி துறைமுகத்தில் காத்திருப்பார்? ஆவணத்தைத் திருத்தித் தருமாறு வணிகர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத்துக்கோ பிறைக் கணக்கைப் பற்றி எந்த எண்ணமும் இருக்கவில்லை. அது ஆங்கிலத் தேதியை மட்டுமே கருத்தில் கொண்டு கையெழுத்திட்டது. பிழை ஒரு தரப்புடையது, ஆகவே திருத்த முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. பிழை செய்தவர் தனி வணிகர், பயன் பெற்றது கப்பல் நிறுவனம் என்பதை நினைவில் வைப்பது நல்லது. இணையக் காலத்தில் இந்த இடங்கள் மாறிவிட்டன. விதி மட்டும் சட்டப் புத்தகத்தில் மாறாமல் இருக்கிறது.

மோசடியை வரையறுக்கும் 17ஆம் பிரிவில் இதனினும் வியப்பான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரு வணிகர் ஒப்பந்தம் செய்கின்றனர். விலை மாறிவிட்ட செய்தி ஒருவருக்கு மட்டும் தனியே தெரியும். தெரிந்தால் மற்றவர் தயங்கக்கூடும். அதைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்கிறது சட்டம். 190 ரூபாயைக் கண்டு வாய்திறவாமல் ஆர்டர் செய்த மாணவரைப் பழிப்போர் இந்த எடுத்துக்காட்டை ஒருமுறை படிக்கலாம். பெருவணிகம் காலங்காலமாகக் கையாண்ட வாய்ப்பை ஒரு மாணவர் ஒருமுறை முயன்று பார்த்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இவ்வளவு கடுமையான சட்டத்திலிருந்து கடைக்காரர் நழுவ உதவியது இங்கிலாந்திலிருந்து வந்த வேறொரு கருத்து. கடையில் பொருளை விலையோடு வைத்திருப்பது முன்மொழிவு அன்று; முன்மொழியுமாறு வாடிக்கையாளருக்கு விடுக்கும் அழைப்பு மட்டுமே. ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் முதலாண்டில் கற்பிக்கப்படும் இவ்விதிக்கு மேற்கோளாகக் காட்டப்படுபவை இரண்டு வழக்குகள். ஒன்று, 1953இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பூட்ஸ் மருந்துக்கடை வழக்கு. மற்றொன்று, 1960இல் தீர்ப்பான பிரிஸ்டல் நகரத்து மடக்குக்கத்தி வழக்கு. இரண்டுமே விலையைப் பற்றிய வழக்குகள் அல்ல என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. நச்சுப் பட்டியலில் உள்ள மருந்தை வாடிக்கையாளர் தட்டிலிருந்து எடுக்கும்போது விற்பனை முடிகிறதா, பதிவு பெற்ற மருந்தாளர் நிற்கும் கல்லாவில் முடிகிறதா என்பதே முதல் வழக்கின் கேள்வி. தடைசெய்யப்பட்ட கத்தியைக் கண்ணாடிப் பேழையில் வைத்தது குற்றமாகுமா என்பது இரண்டாவதன் கேள்வி. இரண்டிலும் கடைக்காரரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பயன்பட்ட வாதம், பிற்காலத்தில் விலைச்சீட்டுக்கே பொறுப்பில்லை என்னும் பொதுவிதியாக வளர்ந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே இதையொத்த நிலைப்பாட்டை எடுத்தது. குடகின் மெர்காராவில் இருந்த பங்களா ஒன்றை வாங்க விரும்பியவர், உரிமையாளரின் முகவர் வழியாகத் தம் விலையைச் சிறிது சிறிதாக உயர்த்தி வந்தார். பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக ஏற்க முடியாது என்று உரிமையாளரிடமிருந்து தந்தி வந்தது. பத்தாயிரத்துக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று இவர் எழுதினார். வீடோ வேறொருவருக்குப் போயிற்று. மேக்பெர்சன் வழக்கு என்று பாடநூல்கள் குறிப்பிடும் இதில் 1951இல் உச்ச நீதிமன்றம், அத்தந்தி முன்மொழிவு ஆகாது, மேலும் பேசுவதற்கான அழைப்பே என்றது. தாழ்ந்த எல்லை இது என்று சொல்வதும், இவ்விலைக்குத் தருகிறேன் என்று சொல்வதும் ஒன்றல்ல. வீட்டுப் பேரத்துக்கு இது பொருந்துகிறது. பேரமே இல்லாத, குறித்த விலையை ஏற்பதா விலகுவதா என்ற இரண்டே வழியுள்ள இணையப் பக்கத்துக்கு இதே தருக்கத்தைப் பெயர்த்து வைப்பது எவ்வளவு பொருத்தம் என்பது விவாதத்துக்குரியது.

அடுத்த திருப்பம் தொலைபேசியோடு வந்தது. 1959இல் அகமதாபாத்திலிருந்த நிறுவனம் ஒன்று நெடுந்தொலைவு அழைப்பில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்கு விலை பேசியது, காம்கானிலிருந்த ஆலை ஏற்றது, சரக்கு வரவில்லை. எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்ற கேள்வி, ஒப்பந்தம் எங்கே பிறந்தது என்ற கேள்வியாக மாறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1965இல் நீதிபதி ஷா பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். தொலைபேசியில் இருவரும் எதிரெதிரே இருப்பதைப் போன்ற நிலை என்பதால், ஏற்புச் சொல் காதில் விழுந்த அகமதாபாத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது என்றார். நீதிபதி ஹிதயத்துல்லா மாறுபட்டார். 1872இல் தொலைபேசி இல்லை என்றாலும், நான்காம் பிரிவின் சொற்கள் அதையும் தழுவும் அளவுக்கு விரிந்தவை. சட்டம் எழுதியதை விட்டு வேறு விதியைத் தேட வேண்டியதில்லை என்பது அவரது நிலை. பிண்ணாக்கு விற்றவர் வாங்கியவர் சண்டையைவிட இந்தக் கருத்து வேறுபாடே முக்கியமானது. புதிய கருவி ஒன்று வரும்போது பேரம் முடியும் நொடியைச் சட்டத்தின் எழுத்திலிருந்து எடுப்பதா, கருவியின் இயல்பிலிருந்து எடுப்பதா? அன்று இரண்டு விடைகள் இருந்தன. விதிமுறைப் பக்கம் எழுதுபவரிடமிருந்து எடுப்பது என்னும் மூன்றாம் விடை அந்நாளில் எவர் கனவிலும் இல்லை.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதல் இரு விடைகளுக்கு இடையே நடந்து செல்கிறது. மின்பதிவு எப்போது அனுப்பப்பட்டது, எப்போது பெறப்பட்டது என்பதை அதன் 13ஆம் பிரிவு வரையறுத்தது. 2008இல் இயற்றப்பட்ட திருத்தம், மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 10அ பிரிவைச் சேர்த்தது. 2010இல் பாக்சைட் கொள்முதல் தொடர்பான டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், மின்னஞ்சல்களின் தொடர்ச்சியே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. விலைப் பிழைக்கு இவற்றினும் நெருக்கமானது 11ஆம் பிரிவு. ஒருவர் தாமே இயங்குமாறு நிரலிட்டு வைத்த கணினி அமைப்பு அனுப்பும் செய்தி, அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்கிறது அது. மனிதக் கை படாமல் இயந்திரம் அனுப்பிய உறுதிச்செய்தி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனங்கள் வாதிடுவதுண்டு. அவ்வாதத்துக்கு இந்தியச் சட்டத்தின் எழுத்தில் இடம் குறைவு.

சட்டத்தின் எழுத்து இவ்வாறு இறுகவே, நிறுவனங்கள் வேறு வழி கண்டன. ஒப்பந்தம் முடியும் நொடியையே நகர்த்தினால் போதும். ஆர்டர் பெறப்பட்டது என்ற செய்தி வெறும் தகவல். பொருள் அனுப்பப்படும்போதுதான் ஏற்பு நிகழ்கிறது. அதற்குமுன் விலையில் பிழை கண்டால் ரத்து செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு: பெரிய இணையக் கடைகளின் விற்பனை விதிமுறைகளில் இப்பொருள்பட வாசகம் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளரின் பணம் ஆர்டர் செய்த நொடியில் கணக்கைவிட்டு வெளியேறுகிறது. நிறுவனத்தின் கடமையோ கிடங்கிலிருந்து பெட்டி புறப்படும்வரை பிறப்பதில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றவருக்குத் தந்த சிறு இடைவெளியை வணிகர் தாமே நீட்டி எடுத்துக்கொண்டார்.

அச்சடித்த விதிமுறைகளின் முன் தனிமனிதர் நிற்கும் நிலை இணையத்தோடு தோன்றியதன்று. சலவைக்குப் போட்ட புடவை தொலைந்தபோது, ரசீதில் அச்சிட்ட விதியைக் காட்டி மதிப்பில் ஒரு பகுதியை மட்டுமே தருவேன் என்ற லில்லி ஒயிட் சலவை நிறுவனத்தின் வாதத்தை 1960களில் சென்னை உயர் நீதிமன்றம் பொதுநலத்துக்கு முரணானது என்று தள்ளியது. இந்தியச் சட்ட ஆணையம் 1984இல் தன் 103ஆம் அறிக்கையை ஒப்பந்தங்களின் நேர்மையற்ற விதிகளுக்கென்றே ஒதுக்கியது. 1986இல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில், பேரவலிமை சமமில்லாத இடத்தில் திணிக்கப்படும் மனச்சான்றுக்கு ஒவ்வாத விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அது நீர்வழிப் போக்குவரத்துக் கழக ஊழியர் ஒருவரின் பணிநீக்க வழக்கு. சட்ட ஆணையம் 2006இல் 199ஆம் அறிக்கையில் தனிச்சட்ட வரைவு ஒன்றையே முன்வைத்தது. நுகர்வோர் சட்டத்துக்குள் நேர்மையற்ற ஒப்பந்தம் என்ற சொல் நுழைய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிற நாட்டு நீதிமன்றங்கள் நொடியைத் தேடுவதை விட்டு மனத்தைத் தேடின. 1939இல் லண்டனில் அர்ஜென்டினா முயல்தோல் வழக்கு ஒன்று வந்தது. பேச்சு முழுவதும் தோல் ஒன்றுக்கு இன்ன விலை என்று நடந்திருக்க, விற்பவர் கடைசிக் கடிதத்தில் ராத்தலுக்கு இன்ன விலை என்று எழுதிவிட்டார். ஒரு ராத்தலுக்கு ஏறத்தாழ மூன்று தோல். எனவே விலை மூன்றில் ஒன்றாகிவிட்டது. தோல் வணிகத்தில் பழகிய வாங்குபவருக்கு இது பிழை என்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் ஒப்பந்தத்தை மறுத்தது. 2003 ஜனவரியில் சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் தளத்தில் 3,854 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புள்ள அச்சுப்பொறியின் விலை 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்தனர். அவர்களுள் ஆறு நண்பர்கள் மட்டும் 1,606. நள்ளிரவு கடந்து அவர்களிடையே ஓடிய உரையாடல்களே அவர்களுக்கு எதிரான சான்றாயின. தானியங்கி உறுதிச்செய்தியால் ஒப்பந்தம் உருவானது என்பதை நீதிபதி ராஜா ஏற்றார். ஆனால் பிழையை அறிந்தே பற்றிக்கொண்டவருக்கு அவ்வொப்பந்தம் செல்லாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2005இல் அதையே உறுதி செய்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் இதற்கு ஒரு சிறு கதவு உண்டு. 22ஆம் பிரிவு, பிழையை மட்டுமே காரணமாகக் காட்ட முடியாது என்கிறது; பிழையோடு மறுதரப்பின் அறிவும் சேர்ந்தால் நிலை வேறு என்று வாதிடலாம். ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புவதே சம்மதம் என்கிற 13ஆம் பிரிவு அவ்வாதத்துக்குத் துணை நிற்கும். ஆனால் இந்தியாவின் விலைப் பிழை வழக்குகள் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அரிதாகவே போகின்றன. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகின்றன. அங்கே அளவுகோல் தலைகீழாகிறது.

நுகர்வோர் சட்டத்தின் இந்தப் பகுதி ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வயிற்றில் வளர்ந்தது. சச்சார் குழு 1978இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1984இல் அச்சட்டத்தில் 36அ பிரிவு சேர்ந்தது. நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற கருத்து அதன்வழி இந்தியச் சட்டத்துக்குள் வந்தது. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் விடவில்லை. மலிவு விலையில் விற்கும் எண்ணமின்றி மலிவு விலை விளம்பரம் செய்வது அதில் ஒரு வகை. எது மலிவு விலை? விளம்பரமே அவ்வாறு கூறும் விலை; அல்லது, அப்பொருள் வழக்கமாக விற்கும் விலையோடு ஒப்பிட்டு, விளம்பரத்தைக் காண்பவர் நியாயமாக மலிவு என்று கருதக்கூடிய விலை. கவனிக்க வேண்டியது இதுதான்: சிங்கப்பூர் நீதிமன்றத்தில் விலையின் அளவற்ற தாழ்வு வாங்கியவருக்கு எதிரான சான்று. இந்திய நுகர்வோர் சட்டத்தில் அதே தாழ்வு, அவ்விலையை மலிவு விலை என்னும் வரையறைக்குள் கொண்டுவந்து விற்றவரை விடை சொல்ல வைக்கிறது. முன்னது வாங்கியவரின் மனத்துக்குள் விளக்கைப் பிடிக்கிறது. பின்னது விற்றவரின் எண்ணத்தைக் கேட்கிறது.

காலச் சூழலும் வாங்குபவரின் பக்கமே நின்றது. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் தன் முதல் பெரும் தள்ளுபடி நாளை நடத்தியது. ஒரு ரூபாய்க்குப் பொருள் என்பதும் அதன் கவர்ச்சிகளுள் ஒன்று. தளம் திணறியது, விலைகள் மாறின, ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு மடல் எழுதினர். மாணவரின் ஆர்டர் அதற்கு இரண்டு மாதம் பிந்தியது. ஒரு ரூபாய் விற்பனையை நாளிதழ் முதல் பக்கத்தில் கண்டு பழகிய தலைமுறைக்கு 190 ரூபாய் விலை நம்பத்தகாதது என்று அதே துறை வாதிடுவதில் ஓர் இடறல் இருக்கிறது. நம்பத்தகாத விலையை நம்பும்படி பழக்கியவர் யார்?

ஒடிசா ஆணையத்தின் முடிவை இப்பின்னணியில் படிக்க வேண்டும். தாம் சந்தையிடம் மட்டுமே, விற்பவர் வேறொருவர் என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. ஆணையம் விளம்பரத்தையே முன்மொழிவாகக் கொண்டது. அதை நம்பி ஆர்டர் செய்யப்பட்டு, அதுவும் உறுதியான பின் உடன்பாடு நிறைவுபெற்றுவிட்டது என்றது. பூட்ஸ் வழக்கின் பாடத்தை மனனம் செய்தவர்களுக்கு இது நெருடும். ஆனால் விளம்பரம் முன்மொழிவு, ஆர்டர் ஏற்பு என்றாலும் சரி. ஆர்டர் முன்மொழிவு, உறுதிச்செய்தி ஏற்பு என்றாலும் சரி. தொலைபேசி அழைப்பு வருவதற்கு முன்பே பேரம் முடிந்திருந்தது. தருக்கத்தில் தளர்வு இருந்தாலும் முடிவில் தவறில்லை.

தொகையில்தான் வரலாற்று மாணவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. உடன்பாடு நிறைவுபெற்றது என்றால், 73ஆம் பிரிவின்படி இழப்பீடு எளிய கழித்தல் கணக்கு: சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வேறுபாடு. விளம்பரத்தின் எண்களைக் கொண்டால் 23,309 ரூபாய். ஆணையம் வழங்கிய 30,000 அதைவிட அதிகம். அத்தொகையோ அலைக்கழிப்புக்கும் மன உளைச்சலுக்குமானது. ஒப்பந்தம் உண்டு என்று ஒப்பந்தச் சட்டத்தின் மொழியில் சொல்லிவிட்டு, பரிகாரத்தை ஒப்பந்தத்தின் அளவுகோலால் அளக்காமல் நடத்தையின் அளவுகோலால் அளந்திருக்கிறது ஆணையம். இதனால் இம்மாணவர் இழக்கவில்லை. ஆயினும் விலை கட்டுப்படுத்துகிறது என்ற கொள்கை எண்ணாக மாறவில்லை. அடுத்த வழக்கில் மன உளைச்சலின் மதிப்பு 2,000 என்று ஒரு மன்றம் கருதினால் அதைத் தடுக்க இத்தீர்ப்பில் ஒன்றுமில்லை.

சந்தையிடம் என்ற வாதத்துக்கும் தனி வரலாறு உண்டு. அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கை, சொந்தச் சரக்கை விற்கும் இணையக் கடைக்கு வாயிலடைத்து, பிறர் விற்க இடம் தரும் சந்தையிடத்துக்கு மட்டும் நூறு விழுக்காடு இசைவு தந்தது. 2016 மார்ச்சில் வந்த அரசுக் குறிப்பு, சந்தையிடம் பொருளின் விலையில் நேராகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது என்று விதித்தது. சிறு வணிகரைக் காக்க வந்த இவ்விதி நுகர்வோரிடம் வரும்போது வேறு முகம் காட்டுகிறது. விலை விற்பவருடையது, பக்கம் தளத்துடையது, பணம் தளத்தின் வழியே போகிறது, ரத்துச் செய்தியும் தளத்திலிருந்தே வருகிறது, பிழைக்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் தளம் தொலைவிலுள்ள விற்பவரைக் காட்டுகிறது. 2021 ஜூனில் வெளியான விதித்திருத்த வரைவு, விற்பவர் தவறினால் தளமும் பொறுப்பேற்க வேண்டும் என்று முன்மொழிந்தது.

2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளில் மின்வணிக விதிகளும் அறிவிக்கப்பட்டன. அவற்றின் 4ஆம் விதி ஒருதலைப்பட்ச ரத்தைத் தொடுகிறது: தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதற்கு ஒத்த கட்டணத்தைத் தான் ஏற்காத நிறுவனம், உறுதிசெய்த பின் ரத்து செய்யும் நுகர்வோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சமநிலை பேசும் விதிபோலத் தோன்றினாலும், பொருள் புறப்படும் முன் ரத்துக் கட்டணமே வாங்காத தளத்துக்கு இவ்விதியால் ஒரு காசும் செலவில்லை. வாடிக்கையாளர் இழப்பது கட்டணத்தை அன்று, பேரத்தை.

நேர்மையற்ற ஒப்பந்தம் என்னும் வரையறையோ இதைவிடக் கூர்மையானது. தக்க காரணமின்றி ஒப்பந்தத்தை ஒருதலையாக முடிக்க ஒரு தரப்புக்கு உரிமை தரும் விதி அதனுள் அடங்கும். மறுவிற்பனைக்காக வாங்குவோர் நுகர்வோர் வரையறைக்கு வெளியே நிற்பதால், 1,606 அச்சுப்பொறி கேட்பவருக்கு இக்கதவு திறக்காது. ஒரு மடிக்கணினி கேட்பவருக்குத் திறக்கும். ஆனால் கதவுக்கு முன் இரு தடைகள். பொருள் புறப்படும்வரை ஒப்பந்தமே இல்லை என்று விதிமுறை சொன்னால், இல்லாத ஒப்பந்தத்தை முடித்துவைத்ததாக எப்படிக் கூற முடியும் என்று நிறுவனம் கேட்கும். தளத்தில் கணக்குத் தொடங்கும்போது ஒப்புக்கொண்ட விதிமுறையே தனி ஒப்பந்தம், அதுவே நேர்மையற்றது என்று நுகர்வோர் விடையிறுக்க வேண்டும். விடை வலியதுதான், எனினும் வாதிட வழக்குரைஞர் வேண்டும். இரண்டாவது தடை இடத்தைப் பற்றியது. சேவைக் குறைபாட்டையும் நேர்மையற்ற வணிக நடைமுறையையும் தான் வாழும் மாவட்டத்திலேயே நுகர்வோர் முறையிடலாம். நேர்மையற்ற ஒப்பந்தம் என்ற முறையீட்டை மட்டும் சட்டம் மாவட்ட ஆணையத்துக்குத் தரவில்லை. 47ஆம் பிரிவின்படி அது மாநில ஆணையத்தில் தொடங்குகிறது. கோராபுட்டில் ஒருவரின் 190 ரூபாய் ஆர்டர் ரத்தானால், அதற்கு இடம்கொடுத்த விதிமுறையை எதிர்க்க அவர் கட்டாக்கை நோக்கியே மனு எழுத வேண்டும்.